ஈரம் இருக்கும் வரை

துணியை வாளியில் முக்கி, சொட்டச் சொட்ட எடுத்து, கடையின் நடுத்தடுப்பை இடுப்புயரத்தில் துடைக்கிறார் பெரியவர். காலையிலிருந்து எத்தனையாவது தடவையோ! வாசலில் தூசி அடை அடையாகக் கிடக்கிறது, அதைச் சீண்ட ஆளில்லை. தடுப்புக்கு மட்டும் அப்படி ஓர் உபசாரம். தெருவில் அவருக்குப் பெயரே 'ஈரத்துணி'.

கண்ணாடி வெட்டுவதும், மணல் பீய்ச்சி அதை மங்கலாக்குவதும் தொழில். மங்கலை அழுக்கு என்று யாராவது சொல்லிவிட்டால் போச்சு, வேலையைப் போட்டுவிட்டு வகுப்பெடுக்க ஆரம்பித்துவிடுவார். "வெளிச்சம் எங்கயும் போயிடல. மேல பூரா பொடிக் குழி. அதுல இடறி ஆளுக்கொரு திசையா ஓடுது, அதான் உருவம் தெரியல. தண்ணியைத் தடவிப் பாரு, குழி ரொம்பிடும், நேரா வந்துடும்."

தடுப்புக்கு அந்தப் பக்கம் தம்பியின் கடை. ஒரே கடையாக இருந்ததுதான். ஏதோ ஒரு ஜன்னல் அளவு பிசகியதில் வார்த்தை தடித்து, "இனி உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்" என்று கத்திவிட்டார் பெரியவர். கத்தியதோடு விட்டாரா? ஆளுயரக் கண்ணாடிக்குத் தன் கையாலேயே மணல் பீய்ச்சி நடுவில் நிறுத்தினார். அந்த ஆத்திரத்திலும் சொரசொரப்பைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். கைபட்டால் கறை பிடிக்கும், தம்பி சுத்தம் பார்க்கிறவன்.

அன்றிலிருந்து தம்பி ஒரு நிழல். கிட்டே வந்தால் திரளும், நகர்ந்தால் கரைந்துபோகும். இருமல் கேட்கிறது, வந்தவர்களிடம் சிரிப்பது கேட்கிறது. முகம் மட்டும் இல்லை. அதைப் பார்க்காமல் பெரியவருக்குச் சோறு இறங்கவில்லை. போய்ப் பேச வீம்பு விடவில்லை. "ஒரு வார்த்தை பேசினா குறைஞ்சா போயிடுவீங்க?" என்று மனைவி கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டாள். அவர் வாளியை எடுத்துக்கொண்டார்.

தம்பி எப்போதும் மேசையில் குனிந்திருப்பவன். அதனால் இடுப்புயரத்தில் ஒரு பட்டை நனைத்தால் போதும், குனிந்து பார்த்துக்கொள்ளலாம். காதோரம் நரைத்திருக்கிறான். மூக்குக்கண்ணாடி வேறு போட்டிருக்கிறான். எப்போது போட்டான்? நினைத்து முடிப்பதற்குள் ஈரம் காய்ந்து, பால் ஊற்றினாற்போல் வெளுத்துவிடும். மறுபடி வாளி, மறுபடி துணி. இந்தப் பக்கம் தெரிந்தால் அந்தப் பக்கமும் தெரியுமே என்பது, ஊருக்கே வகுப்பெடுக்கிற மனிதருக்கு உறைக்கவே இல்லை.

இன்று துடைத்துவிட்டுக் குனிந்தபோது மேசை காலியாக இருந்தது. தம்பி எழுந்து நேரே தடுப்புக்கு வந்துகொண்டிருந்தான். பெரியவர் சட்டென்று துணியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு நிமிர்ந்தார். ஈரப் பட்டையில் தம்பியின் சட்டைப் பொத்தான்கூடத் தெளிவாகத் தெரிந்தது. அதற்கு மேலே எல்லாம் வெள்ளை.

அந்த வெள்ளைக்குள் ஒரு விரல் எழுந்தது. இன்னும் துணி படாத இடத்தில், தன் முகத்துக்கு நேராக, கண்ணாடியை இரண்டு முறை தட்டிக் காட்டினான் தம்பி.