பதில் வந்த பெயர்

மாலை நான்கு இருபது. லகாட்டிலிருந்து ஈப்போவுக்குப் போகும் பஸ் எங்கள் வீடுகளை நெருங்கியபோது சாலை குறுக்கே பிளந்திருந்தது. ஓட்டுநர் இறங்கிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடைசி வீட்டின் தகரக் கூரை சரிந்து மண்ணுக்குள் போனதாம். இன்றைக்கும் அந்த நாளை எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள்: "நாலு இருபது பஸ் நின்ன அன்னைக்கு."

எழுபதுகளின் நடுப்பகுதி அது. எங்கள் ரப்பர் தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்ட பிறகு, ஈப்போவை ஒட்டிய புந்தோங்குக்கு அப்பால், ஈயம் தோண்டிக் கைவிட்ட குட்டை ஒன்றின் கரையில் பலகை வீடு கட்டிக்கொண்டவர்கள் நாங்கள். பால் வெட்டியவர்கள் லாரிக்கும் மர ஆலைக்கும் போனார்கள். நான் கொஞ்சம் படித்திருந்ததால் டவுனில் ஓர் இரும்புக் கடையில் கணக்கெழுதும் கிராணி ஆனேன். காலுக்குக் கீழே நிலம் பொள்ளலாக இருந்தது எங்களில் யாருக்கும் தெரியாது.

நான் சைக்கிளில் வந்து சேர்ந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. எங்கள் வரிசை இருந்த இடத்தில் சேறும் பலகைகளும் மிதந்தன. சாலையின் மறுபுறம், தப்பியவர்கள் வரிசையாக நின்றார்கள். யாரும் அவர்களை அப்படி நிற்கச் சொல்லவில்லை. தோட்டத்தில் விடியற்காலை பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, எந்த வரிசையில் நின்றார்களோ அதே வரிசை. தோட்டத்தில் எங்களை மேய்த்த கங்காணி, எங்கள் பழைய மண்டோர், முன்னால் நின்று ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். யார் மண்ணுக்குள் இருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

தோட்டத்துப் பெரட்டில் ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் வரத் தாமதமானால் பக்கத்தில் நிற்பவர் அவருக்காக "இருக்கு!" என்று குரல் கொடுத்துவிடுவார். எப்படியும் ஓடி வந்துவிடுவார், அன்றைய கூலி ஏன் போக வேண்டும் என்று. என் அப்பாவுக்கு எத்தனையோ காலைகளில் யாரோ குரல் கொடுத்திருக்கிறார்கள்.

மண்டோர் என் மகளின் பெயரைக் கூப்பிட்டார். எட்டு வயது அவளுக்கு.

"இருக்கு!" என்றது எதிர்வீட்டுப் பெண்ணின் குரல்.

இருட்டில், வரிசையில் எங்கோ அவள் நிற்கிறாள் என்று நம்பி, நான் சைக்கிளைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். என் மனைவி சற்று முன்புதான் வேலையிலிருந்து வந்திருந்தாள். அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சிரிப்பும் வந்தது எங்களுக்கு. வீடு போனால் போகட்டும். கணக்கெடுப்பு முடியும்வரை என் மகள் உயிரோடு இருந்தாள். இத்தனை வருடங்களுக்குப் பிறகும் நான் ஏங்குவது அந்தச் சில நிமிடங்களுக்குத்தான். பொய்யென்று தெரிந்தும் அங்கேயே போய் உட்கார்ந்துகொள்ளத் தோன்றுகிறது.

பெரட்டு முடிந்ததும் எதிர்வீட்டுப் பெண்ணிடம் போனேன்.

"பிள்ளை எங்கம்மா?"

அவர் திரும்பிப் பார்த்தார். முன்னும் பின்னும் பார்த்தார். "இங்கதான் அண்ணே... வந்துரும்னு..."

மறுநாள் காலையில் அவளை எடுத்தார்கள்.

சில வாரங்களில் அந்தப் பெண் பாகான் டத்தோவில் இருந்த தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். என் மனைவி ஒருநாளும் அவரைத் திட்டியதில்லை. "நாம யாரா இருந்தாலும் அப்பிடித்தானே சொல்லியிருப்போம்" என்பாள்.

நகரம் தன் கணக்கை முடித்துக்கொண்டது. பத்திரிகையில் ஒரு படம் வந்தது. பிறகு முள்வேலியும் 'பஹாயா' என்ற அபாயப் பலகையும் வந்தன. புதிய வரைபடத்தில் எங்கள் வரிசை நீல நிறமாகிவிட்டது. இப்போது அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் சைக்கிளில் வந்து மீன் பிடிக்கிறார்கள். பஸ் கண்டக்டர் மட்டும் இன்னும் "கடைசி வீடு! கடைசி வீடு!" என்று அந்த நிறுத்தத்தைக் கூவுகிறார். அவர் அந்த வீட்டைப் பார்த்ததே இல்லை.

நாங்கள் ஆண்டுதோறும் அதே நாள், அந்த பஸ் வரும் நேரத்துக்கு வேலியோரம் கூடுகிறோம். பைபிளோடு வருபவர்களும் உண்டு, திருநீறோடு வருபவர்களும் உண்டு. மண்டோர் பெரட்டு எடுப்பார். இருப்பவர்கள் பதில் சொல்வார்கள். தாமதமாகச் சொன்னால் விடமாட்டார்.

"என்னா மச்சான், இன்னும் தூக்கமா? அரை நாள் சம்பளந்தான் போடுவேன்!"

"நீ போட்ட சம்பளத்துலதான் பங்களா கட்டிட்டேன், போ லா!"

சிரிப்பு எழும். இறந்தவர் பெயர் வந்தால் யாரும் குரல் கொடுக்கக் கூடாது. மண்டோர் ஒரு மூச்சு நேரம் காத்திருந்துவிட்டு அடுத்த பெயருக்குப் போவார். எங்களுக்கு வேறு நினைவுக்கல் கிடையாது.

என் மகளின் பெயரை மட்டும் அவர் கூப்பிட்டதில்லை. கேட்டேன், கெஞ்சினேன்.

"பதில் வந்த பேரை நான் எப்படிப்பா மறுபடி கூப்பிடுவேன்? சொன்னவங்க வந்து மாத்தணும். அதானே பெரட்டு."

கோபமாக வந்தது. ஆனால் அவர் கண்ணும் கலங்கியிருந்தது. மற்றவர்களுக்குக் கிடைத்த அந்த ஒரு மூச்சு நேரம் என் மகளுக்குக் கிடைக்கவில்லை. ஒருமுறை பாகான் டத்தோவுக்கே போனேன். "வெளிய போயிருக்கு" என்றார் அந்த அண்ணனின் மனைவி. உள்ளே வளையல் சத்தம் கேட்டது. காப்பியைக் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

பிறகு எங்களுக்கு ஒரு மகன் பிறந்தான். லாரி போய் ஜன்னல் அதிர்ந்தால் எழுந்துபோய் அவன் இருக்கிறானா என்று பார்ப்பேன். "அப்பா, லாரிதான்லா" என்பான், புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமல்.

சென்ற ஆண்டு பெரட்டு பாதி முடிந்திருந்தபோது பஸ் வந்து நின்றது. நரைத்த தலையோடு ஒரு பெண் இறங்கினார். என் மனைவிதான் முதலில் அடையாளம் கண்டாள். நகர்ந்து நின்று தன் பக்கத்தில் இடம் விட்டாள். எதிர்வீட்டுப் பெண் வந்து அந்த இடத்தில் நின்றார்.

மண்டோர் அவரை ஒருமுறை பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு என் மகளின் பெயரைக் கூப்பிட்டார்.

"ஆளு இல்லே மண்டோரே" என்றார் அந்தப் பெண். "பிள்ளை வரல."

மண்டோர் காத்திருந்தார். வழக்கத்தைவிடச் சற்று அதிக நேரம்.

அந்தப் பெண் என் பக்கம் திரும்பினார். "அன்னைக்கு மண்ணு சரிஞ்சு நாங்க ஓடுறப்ப, இதோ வாரேன் அத்தைன்னு சொல்லிட்டுத்தான் அண்ணே வீட்டுக்குள்ள ஓடுச்சு. பின்னாலயே வந்துருக்கும்னு நம்பித்தான் இருக்குன்னுட்டேன்."