சொதி வைத்துவிட்டு ஓடிய ஓட்டம்

...இல்லை, பாக்கெட்டில் வருகிற தேங்காய்ப்பால் திரியாது என்று நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் அதில் வாசம் எங்கே இருக்கிறது? நேற்று மருமகள் அதை ஊற்றித்தான் சொதி வைத்தாள். நல்ல பிள்ளை, குறை சொல்லவில்லை. மூக்குக்கு மட்டும் தெரிந்துவிட்டது.

எனக்குச் சொதி என்றால், மழையில் நனைந்த வெடிக்காகித வாடையும் அப்போதுதான் பிழிந்த தேங்காய்ப்பால் வாசமும் சேர்ந்து வரவேண்டும்... நான் பத்தாம் வகுப்புப் படித்த வருஷம் ஐப்பசியில் அப்படித்தான் வந்தது.

அந்த வருஷம் அக்காவுக்குத் தலைத் தீபாவளி. அத்தானும் அவளும் வந்து தங்கியிருந்தார்கள். சனிக்கிழமை மத்தியானம் சொதிச் சாப்பாடு போட்டு அனுப்பிவைக்க ஏற்பாடு. அதே சனிக்கிழமை காலையில் பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கிராஸ் கன்ட்ரி ஓட்டம். எங்கள் பள்ளியிலிருந்து நான் ஒருத்திதான்.

எங்கே ஓடப் பழகினேன் என்று கேட்கிறீர்களா? எங்கள் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. சமையலுக்கு ஆற்றுத் தண்ணீர்தான். விடிந்ததும் வெறுங்குடத்தோடு வாழைத்தோட்டத்து வரப்பில் ஆற்றுக்கு ஓடுவேன். நிறைகுடத்தோடு நடந்து வருவேன். வேறு பயிற்சி கிடையாது. பஸ்ஸில் வந்த பி.டி. டீச்சர் அதைப் பார்த்துவிட்டுப் பெயரைக் கொடுத்துவிட்டார்கள்.

அம்மாவுக்கு அது பிடிக்கவே இல்லை.

"வயசுக்கு வந்த பிள்ளைக்கு ஓட்டம் என்னத்துக்கு? ஊரு சிரிக்கவா?"

வெள்ளிக்கிழமை காலையில் அம்மா வீட்டுக்குத் தூரமாகிவிட்டாள். அப்போதெல்லாம் மூன்று நாள் புறவாசல் சாய்ப்பில்தான் இருப்பாள். சாப்பாட்டுத் தட்டைக்கூடத் தரையில் தள்ளித்தான் விடவேண்டும்.

"ஏட்டி, மேல பட்டுறாத. பட்டா தலைக்கு ஊத்தாம அடுப்படிப் பக்கம் போகக் கூடாது, பாத்துக்கோ."

அக்காவோ மசக்கைக்காரி. தேங்காய் வாடை பட்டாலே ஓங்கரிப்பாள். ஆக, பதினைந்து வயதில் மாப்பிள்ளைச் சொதி என் தலையில் வந்து விழுந்தது.

"ஓட்டமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்" என்றார் அப்பா. "மாப்பிள்ளைக்கு எல போடுத நேரத்துல சொதி இல்லன்னா அவுக வீட்டுல என்ன பேசுவாவ?"

"சொதிய வச்சிட்டுப் போனா?"

"வச்சிட்டுப் போயேன் பாப்பம்!"

அப்பா அதைக் கேலியாகச் சொன்னார். நான் உத்தரவாக எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை கோழி கூப்பிடும் முன்னே குளித்து, காந்திமதி அம்மைக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டு, நாலு தேங்காய் துருவி உட்கார்ந்துவிட்டேன். முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால்... சிறுபருப்பு, முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. அம்மா புறவாசலில் இருந்தபடி மூக்காலேயே சமைத்தாள்.

"பருப்பு அடிபிடிக்கி, கிண்டு!"

"இஞ்சி வதங்குனது போதும், எறக்கு!"

எல்லாம் ஆயிற்று. முதல் பால் மட்டும் பாக்கி. அதைச் சாப்பிடப் போகும்போது ஊற்றி, நுரை கட்டும்போதே இறக்கிவிட வேண்டும். கொதித்தால் திரிந்துபோகும். ஓட்டம் முடிந்து நான் பஸ் பிடித்து வருவதற்குள் பந்தி தொடங்கிவிட்டால் யார் ஊற்றுவது? பால் செம்பைத் தண்ணீருக்குள் நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பல் தேய்க்க வந்த அத்தான் பார்த்துவிட்டார்.

"என்ன பிள்ள, மொகம் ஒரு மாதிரி இருக்கு?"

சொன்னேன்.

"அம்புட்டுத்தானா? நான் ஊத்துதேன். நீ பஸ்ஸப் புடி."

"அப்பா என்னைய கொன்னு போடுவாவ, அத்தான்!"

"மாமா என்னைய ஒண்ணும் சொல்ல முடியாதுல்லா? தலைத் தீபாவளி மாப்பிள்ளையாக்கும்!"

டீச்சர் கொடுத்திருந்த நம்பர் துணி முதுகில். காலில் செருப்பு கிடையாது. புறவாசல் வழியாகத்தான் ரோட்டுக்குக் குறுக்குப் பாதை. அம்மா 'போயிட்டு வா' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஓட்டப் பாதையெல்லாம் மழைச் சகதி. ஷூ போட்ட பிள்ளைகள் வழுக்கி வழுக்கி விழுந்தார்கள். எனக்குச் சகதி புதுசா என்ன? நான் மூன்றாவதாக வந்தேன். எனக்கு முன்னால் வந்த இரண்டு பேரும் சொதி வைத்துவிட்டா வந்தார்கள்?

பரிசு, ஒரு எவர்சில்வர் டம்ளர். அதோடு வீட்டுக்குள் நுழைந்தால், அத்தானும் அப்பாவும் இலை முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். சட்டி மூடியைத் திறந்தேன். அத்தான் நன்றாகக் கொதிக்க விட்டிருக்கிறார். பால் வேறு, தண்ணீர் வேறாகக் கிடக்கிறது சொதி.

வேறு வழியில்லாமல் அதையே ஊற்றினேன். அப்பா இலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார்...

அத்தான் முந்திக்கொண்டார். "மாமா, இப்படி ஒரு சொதி நான் சாப்பிட்டதே இல்ல. இன்னும் ரெண்டு அகப்பை ஊத்து பிள்ள!"

அப்பா வாயை மூடிக்கொண்டார். அந்த டம்ளரில்தான் அத்தானுக்குத் தண்ணீர் வைத்தேன்.

இப்போது அக்கா பேத்தி ஓடுகிறாள். கையில் காலடியை எண்ணிச் சொல்லும் வாட்ச், காலில் நல்ல ஷூ, பின்னாலேயே காரில் அவள் அம்மா. சந்தோஷமாகத்தான் இருக்கிறது. நேற்று போனில் கேட்டாள்: "சின்ன ஆச்சி, ஒங்களுக்கு வீட்ல யாரு சப்போர்ட்?" அத்தான்தான் என்றேன். இத்தனை வருஷமும் அப்படித்தான் சொல்லி வருகிறேன்.

ஆனால் இதை எழுதும்போதுதான் இடிக்கிறது. தன் முதுகில் தானே நம்பர் குத்திக்கொள்ள முடியாதே. நாலு ஊக்கு ஏது எனக்கு? எங்கள் வீட்டில் ஊக்கு இருந்த ஒரே இடம் அம்மாவின் தாலிக்கொடி...

"திரும்பி நில்லுட்டி" என்றாள், புறவாசலில். கழுத்துக்குக் கீழே அவள் விரல் சில்லென்று பட்டது. ஒவ்வொன்றாக நாலு ஊக்கு.

நான் வந்து தலைக்கு ஊற்றாமல்தான் பரிமாறினேன். அம்மா சாய்ப்பிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.