தராசோடு வந்தவர்

ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். ஆனால் நாமக்கல்லில் என் பட்டறையில் கட்டிய லாரி பாடி எவ்வளவு பாரம் ஏற்றினாலும் நெளிந்ததில்லை. வானத்தைப் பார்க்கும் பெரிய தொலைநோக்கிக்கான கருவிகளைப் பல பட்டறைகளில் செய்து வாங்கும் பொறுப்பாளர் ஒருவர், கேமராவைத் தாங்கும் சட்டம் ஒன்று கேட்டு என்னிடமும் வந்தார். ஒல்லியான ஆள்; தோள்பையில் சொந்தத் தராசு. அதைப் பார்த்ததுமே, அடுத்தவர் எடையை நம்பாத ஆளோ என்று எனக்குச் சந்தேகம்.

எங்கள் வழக்கப்படி, கேட்டதைவிடத் தடிமனான தகடு போட்டுச் செய்தேன். எடை போட்டார்.

"ரெண்டு கிலோ கூட இருக்குதுங்க. இது ஆகாது."

"ஏனுங்க, சும்மா கெடைக்கற பலத்தை ஆராச்சும் வேண்டாம்பாங்களா?"

"ஒவ்வொரு பட்டறையும் இப்படி எடையைச் சேத்துனா, பாரத்துல தொலைநோக்கி திரும்பவே திரும்பாதுங்க."

என் பொருளைத் தட்டிக்கழிக்க அவர் சொல்லும் சாக்கு என்றே நினைத்தேன். ஆனாலும் என் பட்டறைப் பொருள் ஆகாமல் போனது என்ற பேர் வரலாமா? மறுபடி செய்தேன். எடை சரியாக இருந்தது. இறக்கிவிட்டு, இன்னொரு முறை போட்டார்.

"என்னை நம்பலீங்களா?"

"உங்களை நம்பறனுங்க. என் தராசைத்தான் நம்பறதில்லீங்க."

அவர் போன பிறகு, இத்தனை வருடமாக நான் அளவெடுத்துவந்த டேப்பை ஒரு புது டேப்போடு சேர்த்து வைத்துப் பார்த்தேன். அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.