நசரத்பேட்டையில் புகை

பூந்தமல்லியில் ஷேர் ஆட்டோக்காரர் "நசரத்பேட்டை, நசரத்பேட்டை" என்று கூவியதும் என் கை தானாக இடுப்புக்குப் போனது. வயர்லெஸ் செட்டைத் தேடிய கை. அதை ஒப்படைத்துவிட்டுக் காட்டிலிருந்து சென்னை அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்து மூன்று வருடமாகிறது. பர்ஸைக் காணோமா என்று பக்கத்து அம்மாள் கவலையோடு கேட்டார். அவரிடம் எங்கே தொடங்கிச் சொல்வது?

காடு என்றால் மரமும் மிருகமும் என்றுதான் நானும் வேலைக்குச் சேர்ந்தேன். சேர்ந்த பிறகு பார்த்தால், அவ்வளவு பெரிய காடும் காகிதத்தில் பாகம் பிரித்த சொத்து மாதிரி இருந்தது. கோட்டத்தைச் சரகங்களாக்கி, சரகத்தைப் பிரிவுகளாக்கி, பிரிவை பீட்டுகளாக வெட்டி, ஒவ்வொரு பீட்டுக்கும் ஓர் எண்ணும் ஒரு காப்பாளரும் கொடுத்திருந்தார்கள். தீ தாண்டாமலிருக்க இடையிடையே புல்லைச் சுத்தமாக வழித்த தீத்தடுப்புக் கோடுகள். யானைக்கு இந்த எல்லையெல்லாம் தெரியாது. எங்களுக்குத் தெரிந்தே ஆகவேண்டும்.

எங்கள் பிரிவின் பொறுப்பில் இருந்த வனவர் சார் நசரத்பேட்டைக்காரர். வயர்லெஸில் ஏழும் எட்டும் ஒன்றுபோலவே கரகரக்கிறது என்று எண்களைத் தூக்கிப்போட்டுவிட்டு, தன் ஊர்ப் பக்கத்து பஸ் ஸ்டாப்பிங் பெயர்களை பீட்டுகளுக்குச் சூட்டிவிட்டார். கிழக்கு எல்லை கரையான்சாவடி. காவலர் முகாம் இருக்கும் நடுப்பகுதி பூந்தமல்லி. மேற்கே குட்டையும் மூங்கிலும் உள்ள பீட் நசரத்பேட்டை. சென்னையைக் கண்ணால் பார்த்திராத காவலர்கள்கூட "கரையான்சாவடியில கரடி" என்று சாதாரணமாகச் சொல்வார்கள். இதைப் புதிதாக வந்த எனக்குச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

முதல் கோடையில், ஒரு மத்தியானம் நான் செட்டுக்கு முன்னால் இருந்தபோது வனவர் சாரின் குரல் வந்தது. "நசரத்பேட்டைல புகை வந்துகினு கீது. கரையான்சாவடி ஆளுங்கள ஒடனே அனுப்பும்மா."

சார் லீவில் ஊருக்குப் போயிருக்கிறார் போலும் என்று நினைத்துக்கொண்டேன். மிகவும் பணிவாக, "சார், அங்க பக்கத்துலயே ஃபயர் சர்வீஸ் இருக்குமே, அவங்களுக்குச் சொல்லிட்டீங்களா?" என்றேன். எல்லா முகாமுக்கும் ஒரே அலைவரிசை. காடு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஊட்ல இல்லம்மா, காட்ல கீறேன். குட்டைக்கு மேக்கால எரியுது. தடுப்புக் கோட்டத் தாண்டிச்சின்னா மூங்கில் மொத்தமும் பூடும்" என்றார். அந்த மூங்கிலுக்குள்தான் யானைகள் குட்டிகளோடு ஒதுங்கும். அவர் குரலில் கோபமே இல்லை, அதனால்தான் எனக்கு அழுகை வந்தது.

நல்லவேளையாக, நான் உளறி முடிப்பதற்குள் கரையான்சாவடி ஆட்கள் ஓடத் தொடங்கியிருந்தார்கள். பச்சைக் கிளைகளால் அடித்து அடித்துத் தீயைக் கோட்டிலேயே நிறுத்தினார்கள். மூங்கில் பிழைத்தது. சாயங்காலம் கரி அப்பிய முகத்தோடு திரும்பியவர்கள் என்னைக் கண்டதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். அன்று முதல் நான் அவர்களுக்கு 'ஃபயர் சர்வீஸ் மேடம்'. பதவி உயர்வு வந்தபோதுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை.

இன்று அந்த வனவர் சாரின் மகளுக்குக் கல்யாணம். நிஜமான நசரத்பேட்டையில் முதன்முறையாக இறங்கினேன். குட்டையைக் காணோம், மூங்கிலைக் காணோம், நெடுஞ்சாலையில் வரிசையாக லாரிகள். மண்டபத்தையும் காணோம். போன் போட்டு, "சார், நசரத்பேட்டை வந்துட்டேன். எந்தப் பக்கம் வரணும்?" என்றேன்.

"மேக்கால பாரும்மா, சமையக்கட்டுலேர்ந்து புகை வந்துகினு கீதா?" என்றார். "நீ பாட்டுக்கு ஃபயர் சர்வீஸுக்குச் சொல்லிடாத. சாப்புட வா."