நீல டிரம்மில் ஆறவெச்ச தண்ணி

எங்க லைன் ஊட்டுல அர்த்தநாரி மாதிரி ஒரு கிறுக்கன் இல்லீங்க. பக்கத்து ஊட்டுக்காரி விஜயராணி, நானே சொல்றேன். பனியன் கம்பெனில அயர்ன் மாஸ்டர். பகலெல்லாம் நீராவில வேகறவன், ஊட்டுக்கு வந்தா தண்ணிய முறைச்சுப் பாத்துட்டு உக்காந்திருப்பான்.

காரணம் இருந்துச்சு. கல்யாணமாகி ஒம்பது வருசம் கழிச்சு இப்பத்தான் அவன் சம்சாரம் சித்ரகலா முழுகாம இருக்கறா. ரத்தம் கம்மி, கீரை குடுங்கன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. சந்தைக் கீரைய இவன் நம்பமாட்டான். மொட்டைமாடில பழைய பக்கெட்டு, ஓட்டை அண்டா எல்லாத்துலயும் மண்ணப் போட்டு அரைக்கீரையும் பாலக்கும் வெதைச்சான்.

இங்க போர்த் தண்ணி ஒரே உப்பு, ஊத்துனா செடி செத்துரும். ஆத்துத்தண்ணி எட்டு நாளைக்கு ஒருக்காத்தான் குழாய்ல வரும். வந்தாலும் ப்ளீச்சிங் பவுடர் நாத்தம் மூக்கத் துளைக்கும். அதனால புடிச்சத மூடாம ஒரு நாள் வெச்சு, குச்சிய உட்டுக் கலக்கி, நாத்தம் போனப்புறந்தான் செடிக்கு ஊத்துவான். "ஏப்பா, கொழந்தைக்குப் பாலா ஆத்தற?"ன்னு கேலி பண்ணுவேன். "செடி குடிக்கறதத்தானுங்கக்கா என்ற கொழந்தையும் குடிக்குது"ம்பான். சிரிக்கக்கூட மாட்டான்.

பக்கெட்டு பத்தலைன்னு டிரம் வாங்கக் கெளம்புனான். "வாங்கறதுதான் வாங்கற, ரெண்டா வாங்கு. ஒண்ணு குடிக்கற தண்ணிக்கு ஆகட்டும்"னேன். என்ற வாய் சும்மா இருந்துச்சா! சாயப்பட்டறைக்குக் கெமிக்கல் மருந்து வந்த நீல டிரம் ரெண்ட, பழைய சாமான் கடைல இருந்து தூக்கிட்டு வந்தான். இந்த ஊர்ல எந்த ஊட்டுல அது இல்லீங்க? சோப்புப் பவுடர் போட்டு நாலு தடவ தேச்சான். ஒண்ணு மாடிக்கு, ஒண்ணு அடுப்படிக்கு.

பத்து நாள்ல கீரை ஓரமெல்லாம் கருகுச்சு. முனிசிபாலிட்டிக்காரனுக ப்ளீச்சிங்க அள்ளிக் கொட்டிட்டானுகன்னு திட்டிட்டே மூணு நாள் ஆறவெச்சான். இன்னும் கருகுச்சு. அஞ்சு நாள் வெச்சான். பாலக்கு மொத்தமாப் படுத்துருச்சு. கையப் புடிச்சு இழுத்துட்டுப் போயி, மாடி மூலைல நிக்கற என்ற துளசியக் காட்டுனேன். "அதே குழாய்த் தண்ணிதான், கொடத்துல புடிச்சு அப்படியே ஊத்தறேன், ஆறக்கூட வெக்கல. பாரு, பச்சப்பசேல்னு நிக்குது!"

துளசியப் பாத்தான். டிரம்மப் பாத்தான். குனிஞ்சு உள்ள தடவி, விரல மோந்தான்.

"நாத்தம் போகட்டும்னு நான் ஊறப்போட ஊறப்போட, டிரம்முல இருக்கற மருந்து தண்ணில எறங்கியிருக்குதுங்கக்கா. கீழ இருக்கறதும்..." படில விழுந்தடிச்சு ஓடுனான். நானும் ஓடுனேன்.

சித்ரகலா அடுப்படில நின்னு சொம்புல குடிச்சிட்டிருந்தா. தட்டி உட்டான்.

"எத்தன நாளா கண்ணு இதக் குடிக்கற?"

"டிரம் வந்த நாள்ல இருந்துதானுங்க மாமா. ஏனுங்க?"

அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு ஓடுனோம். ஸ்கேன் பாத்துட்டு, "இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது, பொறந்தாத்தான் தெரியும்"னுட்டாங்க டாக்டரம்மா. இன்னும் ஏழு வாரம் கெடக்குது. அவன் என்னைய ஒரு வார்த்தை கேக்கலீங்க. கேட்டுத் தொலைச்சாக்கூடத் தேவலை. ரெண்டா வாங்குன்னு சொன்னவ நான்தானே.