அடையாறு பாலத்து ஹாரன்கள்

மந்தைவெளியில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து, அடையாற்றில் என் மனைவி பிசியோதெரபிக்குப் போன இடம் வரை நாலேகால் கிலோமீட்டர். சைக்கிளில் இருபத்திரண்டு நிமிடம். மெட்ரோ வேலைக்காகத் தகரத் தடுப்புகள் வைத்த பிறகு இருபத்தாறு. போன வருடம் பதினாறு செவ்வாய்க்கிழமைகள் அவள் அங்கே போக வேண்டியிருந்தது. அவற்றில் பதினொன்றுக்கு நான் சைக்கிளில் போனேன். பன்னிரண்டாவதற்கு ஏன் சைக்கிளில் போகவில்லை என்பதைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

அவளுக்கு இடது முழங்காலில் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. வேளச்சேரியில் இருக்கும் எங்கள் மகள், அங்கே இருந்தபடியே கைபேசியில் ஒரு டாக்ஸியை வரவழைப்பாள். அது எங்கள் வாசலில் வந்து நிற்கும். நான் அதில் ஏறமாட்டேன் என்றேன். காரணம் கேட்டார்கள். இரண்டு வருடத்தில் மூன்று டாக்ஸிகளின் பக்கக் கண்ணாடி என் வலது முழங்கையில் இடித்திருக்கிறது. ஒன்றுகூட நிற்கவில்லை. அந்த மூவரில் ஒருவன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். அப்படிப்பட்டவர்களின் வண்டியில் ஏறி உட்கார்ந்து ஏசிக் காற்று வாங்குவதா?

ஆகவே அவள் பத்து மணிக்குக் கிளம்பினால் நான் ஒன்பதே முக்காலுக்கே சைக்கிளை எடுத்துவிடுவேன். அவள் போய் இறங்கும்போது நான் அங்கே நின்று கை கொடுக்க வேண்டும். காரிலிருந்து காலைத் தரையில் ஊன்றி எழுந்திருக்கும் அந்த ஒரு நிமிடம்தான் அவளுக்குக் கஷ்டம். அந்த நேரத்தில் பிடித்துக்கொள்ளும் கை வேறு யாருடையதாகவும் இருக்கக் கூடாது என்பது என் பிடிவாதம். எழுபத்துநான்கு வயதில் பிடிவாதம் பிடிக்க வேறு அதிகம் எதுவும் இல்லை.

எண்ணுவது எனக்குத் தொழிலாக இருந்தது. சாலைச் சந்திப்புகளில் குடை நிழலில் உட்கார்ந்து, போகிற வருகிற வண்டிகளை இனம் பிரித்துக் கணக்கெடுக்கும் பிரிவில் முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்தேன். பஸ்ஸுக்கு ஒரு கட்டம், லாரிக்கு ஒரு கட்டம், சைக்கிளுக்கு ஒரு கட்டம். நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு. ஒரு காலத்தில் சைக்கிள் கட்டத்துக்குத்தான் இடம் போதாது. தாளின் பின்பக்கத்தில் எழுதுவோம். நான் ஓய்வு பெற்ற வருடம் அந்தக் கட்டம் பாதிகூட நிரம்பவில்லை. அதைப் பற்றி யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

ஓய்வுக்குப் பிறகும் பழக்கம் போகவில்லை. சைக்கிளில் போகும்போது எனக்குப் பின்னால் அடிக்கப்படும் ஹாரன்களை எண்ணிக்கொண்டு போவேன். கையில் தாளா இருக்கிறது? விரல் கணுக்கள்தான். பெருவிரலால் மற்ற நாலு விரல்களின் கணுக்களைத் தொட்டு எண்ணினால் ஒரு கைக்குப் பன்னிரண்டு. வலது கை முடிந்தால் இடது கையில் ஒரு கணு. வீட்டுக்கு வந்ததும் காலண்டரில் எழுதிவைப்பேன். சராசரியாக நாற்பத்தொன்று. அதில் டாக்ஸிகளுடையது மட்டும் பத்தொன்பது.

ஹாரனை எண்ணுகிற இந்த வழக்கம் எப்போது வந்தது என்று யோசித்தால், அவள் என் சைக்கிளில் ஏறுவதை நிறுத்திய பிறகுதான் என்று தோன்றுகிறது. கல்யாணமான இரண்டாவது வாரத்திலிருந்து அவள் என் பின்னால் கேரியரில் உட்கார்ந்து வந்திருக்கிறாள். பாண்டி பஜாருக்கு, கோயிலுக்கு, பெசன்ட் நகர் கடற்கரைக்கு. அறுபது வயது தாண்டும் வரை வந்தாள். நான் ஒருநாளும் திரும்பிப் பார்த்து ஓட்டியதில்லை, தேவையே இல்லை. பின்னால் அவள் சொல்லிக்கொண்டே வருவாள். "பஸ் வர்றது, ஒதுங்குங்கோ." "ஒண்ணுமில்லை, நன்னா போங்கோ." "டாக்ஸி, ஆனா தூங்கிண்டு வர்றான்." நடுவே தேங்காய் விலையும் அவள் அக்காவின் சம்பந்தியும் வருவார்கள். ஹாரன் அடித்திருப்பார்கள், எனக்குக் காதில் விழுந்ததில்லை.

அப்போதைய டாக்ஸி கறுப்பும் மஞ்சளுமான அம்பாஸடர். லஸ் முனையில் நாலைந்து நிற்கும். பின் இருக்கையில் படுத்து, கதவைத் திறந்து காலை வெளியே நீட்டி டிரைவர்கள் தூங்குவார்கள். அவர்களும் திட்டாமல் இல்லை. ஆனால் சாவகாசமாகத் திட்டுவார்கள். சைக்கிளில் இருவர் போனால் போலீஸ் பிடிக்கும் காலம் அது. எத்தனையோ தடவை எதிரே வரும் டாக்ஸிக்காரர் கையை வெளியே நீட்டி வேகத்தைக் குறைத்து, "ஐயிரே, கச்சேரி ரோடு முனைல நிக்கறான், அம்மாவ எறக்கிடு!" என்று எச்சரித்துவிட்டுப் போயிருக்கிறார். அவள் இறங்கி, யாரோ போல போலீஸ்காரரைத் தாண்டி நடந்து போவாள். நான் யாரோ போல மிதித்துப் போவேன். அடுத்த தெரு முனையில் மறுபடி ஏறிக்கொள்வாள். ஒருமுறை நான் நினைவில்லாமல் நிற்காமலே போய்விட்டேன். பேசிக்கொண்டே போயிருக்கிறேன். பதில் வராததால்தான் தெரிந்தது. திரும்பி வந்தால், ஒரு டாக்ஸி டிரைவர் அவளிடம், "கவலப்படாத தாயி, வண்டி லேசா ஆனா ஆளுக்குத் தெரிஞ்சிடும்" என்று ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கு அவள் நாலு நாள் சிரித்தாள்.

இப்போதைய டிரைவர்களை நான் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. கண்ணாடி எல்லாம் மூடியிருக்கிறது. உள்ளே இருப்பவன் முகமே தெரிவதில்லை. ஹாரன்தான் பேசுகிறது.

பதினொன்றாவது செவ்வாய்க்கிழமை. மந்தைவெளி தாண்டியதும் செயின் கழன்றுகொண்டது. அதை மாட்டிக் கையைத் துடைப்பதற்குள் ஒன்பது நிமிடம் போய்விட்டது. அந்தப் பதற்றத்தில் அடையாறு பாலம் ஏறினேன். பாலம் பாதி வருவதற்குள் பின்னால் ஒரு டாக்ஸி பிடித்துக்கொண்டது. விட்டு விட்டு ஹாரன். நாலு. ஐந்து. நான் ஏன் ஒதுங்க வேண்டும்? ஆறு. எனக்கும்தானே சாலை? ஏழு, எட்டு. ஒரு சிமென்ட் லாரியும் சேர்ந்துகொண்டது. பாலம் இறங்கும் இடத்தில் சிக்னலுக்கு எல்லாம் நின்றபோது அந்த டாக்ஸி என் பக்கத்தில் உரசுகிறாற்போல் வந்து நின்றது. இடது கண்ணாடி இறங்கியது. முப்பது வயது டிரைவர், அந்தப் பக்கம் சாய்ந்து கத்தினான்.

"இன்னா பெருசு, வூட்ல சொல்லிக்கினு வந்தியா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின் கண்ணாடியும் இறங்கியது.

"சொல்லிண்டுதாம்ப்பா வந்திருக்கார்" என்றாள் என் மனைவி. "என்கிட்டதான் சொல்லிண்டு வந்தார்."

டிரைவர் அவளைத் திரும்பிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"இன்னாம்மா சொல்ற?"

"எங்காத்துக்காரர்."

"அய்ய!" என்று தலையில் கை வைத்துக்கொண்டான். "பாலம் ஏறுனதுலேந்து சார் பின்னாலயே வந்துக்கினு கீறோம், ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதாம்மா? மன்ச்சிக்க சார்."

"நீ எப்படி ஓட்றேன்னு பார்த்துண்டிருந்தேன்" என்றாள் அவள். "அவர் எப்படி ஓட்றார்னும் பார்த்துண்டிருந்தேன்."

அந்த இரண்டாவது வாக்கியம் எனக்குப் பிடிக்கவில்லை. டிரைவருக்குத் தைரியம் வந்துவிட்டது.

"நீயே கேளும்மா. நான் வெரட்டறதுக்கா அடிச்சேன்? சார் ரைட்லயே வந்துக்கினு கீறாரு. அடிச்சா லெஃப்ட்ல போவாருன்னு பாத்தா இன்னும் ரைட்ல வர்றாரு. கைய வேற ஹேண்டில்பார்லேந்து வுட்டுட்டு ஏதோ ஜபம் பண்ணிக்கினு போறாரு. பாலத்து மேல இன்னா சார் ஜபம்?"

"ஜபம் இல்லை" என்றேன். வேறு என்னவென்று அந்தச் சிக்னலில் நின்றுகொண்டு எப்படிச் சொல்வது?

பின்னால் பைக்கில் நின்றிருந்த ஒருவர், "குடும்ப மேட்டர வூட்ல போய்ப் பேசிக்கங்க நைனா, சிக்னல் வுட்டான்!" என்றார். டாக்ஸி கிளம்பியது. முதல்முறையாக அவள் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்தாள். நான் போனபோது அந்த டிரைவரே கை கொடுத்து இறக்கிக்கொண்டிருந்தான். நன்றாகத்தான் இறக்கினான். முழங்கைக்குக் கீழே பிடித்து, இழுக்காமல், அவளே எழுந்திருக்கும்வரை காத்திருந்து. குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

உள்ளே அவளைப் படுக்கவைத்துக் கணுக்காலில் மணல்பையைக் கட்டிவிட்டுப் போனார்கள். பத்து தடவை காலைத் தூக்க வேண்டும். தூக்கிக்கொண்டே சொன்னாள்.

"இத்தனை வருஷம் பின்னாடி உட்கார்ந்தேன், உங்க முதுகு மட்டும்தான் தெரியும். இன்னிக்குத்தான் தள்ளி இருந்து பார்த்தேன். விரல் விட்டு எண்றேள். ஒவ்வொரு ஹாரனுக்கும் கைப்பிடி தளர்றது. ஒரு சாண் நடுரோட்டுக்குப் போறேள். பாலத்துல ஒன்பது தடவை அடிச்சான், ஒன்பது தடவையும் போனேள்."

"பத்து" என்றேன்.

"ஒண்ணு லாரியோடது."

காலைத் தூக்கி அப்படியே நிறுத்தினாள். முகம் சிவந்திருந்தது.

"எனக்கு ஒரு கால்தான் இருக்கு இப்போ. நீங்களும் விழுந்துட்டா, யாரை யார் தூக்கறது? சொல்லுங்கோ."

டாக்ஸிக்காரர்கள் மேல் எனக்கிருந்த வழக்கில் நான் சாட்சி, நீதிபதி இரண்டுமாக இருந்தேன். அவள் என்னையும் கூண்டில் ஏற்றிவிட்டாள். அன்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டே திரும்பினேன். ஐயாயிரத்துத் தொள்ளாயிரம் காலடி வரை எண்ணினேன், பிறகு விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்த பின்னும் ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை. மகளிடம் தொலைபேசியில், சைக்கிளில் ஏறாவிட்டால் என் கால்தான் முதலில் போய்விடும் என்று வாதாடினேன். அவள் அம்மாவிடம் கொடுக்கச் சொன்னாள். என்ன பேசினார்களோ, மனைவி போனை வைத்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை டெஸ்ட். எட்டுப் போட்டுக் காட்டுங்கோ. கை விடாம போட்டா அடையாறுக்கு வாங்கோ" என்றாள்.

ஞாயிறு காலை ஆறரை மணி. எங்கள் தெருவில் தள்ளுவண்டி வைத்திருக்கும் இஸ்திரிக்காரரைக் கூப்பிட்டு, கோலமாவு டப்பாவைக் கொடுத்து ரோட்டில் ஒரு எட்டு வரையச் சொன்னாள். அவளால் குனிய முடியாது. அவர் வரைந்தது எட்டு மாதிரியும் இருந்தது, முறுக்கு மாதிரியும் இருந்தது. ஹாரன் அடிக்கிற வேலையும் அவருக்குத்தான். தன் மொபெட்டைக் கொண்டுவந்து நிறுத்திக்கொண்டார். எதிர்வீட்டில் பால் பாக்கெட் எடுக்க வந்த மூவர் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"ரெடியா சார்? ஆர்டிஓ அம்மா பாத்துக்கினு கீறாங்க" என்றார் இஸ்திரிக்காரர்.

ஏறினேன். முதல் வளைவு சுத்தமாக வந்தது. ஹாரன் அடித்தார். பெருவிரல் கிளம்பியது. நான் கிளப்பவில்லை, தானாகக் கிளம்பி ஆள்காட்டி விரலின் முதல் கணுவைத் தொட்டது. சக்கரம் கோலமாவை மிதித்தது. இரண்டாவது சுற்றில் இரண்டு கைகளையும் வெள்ளையாகும் வரை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். ஹாரன். மறுபடியும் விரல். மூன்றாவது சுற்றில் ஹாரனையே கேட்காமல் இருக்க முயன்றேன். அதைக் கேட்காமல் இருக்க எனக்குத் தெரியவில்லை. நாலு சுற்று, ஒன்பது ஹாரன், ஆறு தடவை விரல் கிளம்பியது. யாரும் சிரிக்கவில்லை. இஸ்திரிக்காரர்தான், "ரோடு மேடு பள்ளம் சார், இன்னொருதரம் போடு" என்றார்.

வேண்டாம் என்று நானே இறங்கிவிட்டேன்.

"ஆறு" என்றேன் அவளிடம்.

"ஆறுதான்" என்றாள். எண்ணிக்கையில் நாங்கள் ஒத்துப்போனது அன்றைக்குத்தான்.

பிறகு வாசல்படியில் உட்கார்ந்து, சைக்கிள் எதுவரை போகலாம் என்று எல்லை பேசினோம்.

"பாலம் வேண்டாம்" என்றேன் நானே.

"வேண்டாம்."

"லஸ்?"

"கூடவே கூடாது."

"தண்ணித்துறை மார்க்கெட்?"

கொஞ்சம் யோசித்தாள். "கார்த்தால ஏழு மணிக்குள்ள. டாக்ஸியெல்லாம் எழுந்துக்கறதுக்கு முன்னாடி."

"கோயில் குளக்கரை?"

"கிழக்கு மாட வீதி வரைக்கும். அதுக்கு மேல தள்ளிண்டு போங்கோ."

அடுத்த செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வெள்ளை நிற டாக்ஸி வந்து நின்றது. வேறு டிரைவர். நான் இந்தப் பக்கம் ஏறினேன், அவள் அந்தப் பக்கம். கண்ணாடியை மூடியதும் தெருச் சத்தம் பாதியாகிவிட்டது. பாலத்தில் ஒரு சைக்கிள்காரர், என் வயது இருக்கும், எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். டிரைவரின் கை ஹாரனுக்குப் போனது.

"அவர் நேராத்தான் போயிண்டிருக்கார்ப்பா" என்றாள் என் மனைவி. "அடிக்காதே."

"எனக்கு ஒண்ணும் அவசரமில்லம்மா" என்று அவன் கையை எடுத்துக்கொண்டான். பாலம் முழுக்க அந்த சைக்கிளுக்குப் பின்னாலேயே ஊர்ந்து போனோம். எங்களுக்குப் பின்னால் இருந்தவர்கள் அடித்தார்கள். எனக்கோ கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் அதைப் பார்த்துவிட்டு, தன் கைப்பையையும் தண்ணீர் பாட்டிலையும் என் கைகளில் கொடுத்து, கெட்டியாகப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள்.