பத்து வீட்டுக்கு ஒரே பரண்

1. ஏணி

நாலாம் நம்பர் வீட்டுக் குழந்தைக்கு மூக்கில் ரத்தம் நிற்கவில்லை என்று சரோஜாக்கா சொன்னபோது, நான் அவருடைய ஏழாம் நம்பர் வீட்டில் ஏணியின் கடைசிப் படியில் நின்றிருந்தேன். அப்போதுதான் பரணைப் பார்த்துவிட்டு இறங்கினேன். கையில் டார்ச் எரிந்துகொண்டே இருந்தது. மணி பன்னிரண்டு இருக்கும்.

"காலையில கோலார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு பூட்டாங்க. டெங்குவா இருக்கும்னு சொல்றாங்க. ரெண்டு வயசு பொண்ணு, பாவம்" என்றார் சரோஜாக்கா.

டெங்கு இல்லை என்று எனக்கு அந்த நிமிஷமே தெரியும். எப்படித் தெரியும் என்பதைச் சொல்ல வேண்டுமானால் ஆறு நாள் பின்னால் போக வேண்டும்.

2. பெங்களூர்க் கர்வம்

எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தை மூடியபோது எனக்கு இருபத்தெட்டு வயது. ஆறு வருஷம் அண்டர்கிரவுண்டில் டிராலி தள்ளியவனுக்கு வெளியே யார் வேலை தருவார்கள்? பெங்களூரில் பூச்சி, எலி ஒழிக்கும் ஒரு பெஸ்ட் கண்ட்ரோல் கம்பெனியில் சேர்ந்தேன். காலை ரயிலில் போய் ராத்திரி ரயிலில் திரும்புவதாக இருபது வருஷத்துக்கு மேல் ஓடியது. முட்டி தேய்ந்ததும் வேலையை விட்டுவிட்டு, எங்கள் ஊர் சாம்பியன் ரீப்ஸிலேயே சொந்தமாகத் தொழில் ஆரம்பித்தேன். பெரிய பெரிய அபார்ட்மெண்டெல்லாம் பார்த்தவனுக்கு சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீட்டு எலி எம்மாத்திரம் என்ற நினைப்பு எனக்கு. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். நான் ஆனைகூட இல்லை.

சரோஜாக்கா வீட்டில் வெயிலுக்காக ஜிங்க் ஷீட்டுக்குக் கீழே மூங்கில் தட்டி அடித்திருந்தார்கள். அந்தத் தட்டிக்கும் ஷீட்டுக்கும் நடுவில் இருந்த பரணில்தான் எலி.

"மேல ஒரே கூத்து தாஸண்ணா. ஞாயித்துக்கெழமை பொண்ணு பாக்க வராங்க. அவங்க குந்தினு இருக்கும்போது தலைமேல புழுக்கை உழுந்தா இன்னா நெனப்பாங்க? ஒருத்தருக்கும் தெரியாம மருந்து வெச்சுட்டுப் போங்க."

"யார்கிட்டயும் சொல்லலக்கா" என்றேன். ஒரு தொழில்காரன் கொடுக்கக் கூடாத வாக்கு அது. கூசாமல் கொடுத்தேன்.

நான் வைத்தது நீல நிற கேக். தின்ற எலி உடனே சாகாது. அந்த மருந்து ரத்தத்தை உறையவிடாது. நாலைந்து நாளில் உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசிந்து எலி சாகும். அதனால் மற்ற எலிகளுக்குச் சந்தேகம் வராமல், வந்து வந்து தின்னும். கேக்கைப் பெட்டிக்குள் கம்பியில் கோத்து, பெட்டியைத் திருகி வைக்க வேண்டும் என்பது விதி. சரோஜாக்கா வீட்டுத் தட்டியில் இருந்த ஓட்டையில் பெட்டி நுழையவில்லை. தட்டியைப் பிரித்தால் அக்கம்பக்கம் கேட்கும். கையை விட்டு, பன்னிரண்டு துண்டுகளைச் சும்மா வீசிவிட்டு இறங்கினேன்.

ஆறாம் நாள் பார்க்க வந்தபோது ஒரு துண்டுகூட இல்லை. 'நல்லா பிடிச்சிருக்கு' என்று சந்தோஷப்பட்டேன். பிறகு தலையை உள்ளே நீட்டி டார்ச் அடித்தேன். லைனில் வீட்டுக்கு வீடு சுவர் உண்டு. ஆனால் எந்தச் சுவரும் கூரையைத் தொடவில்லை. பத்து வீட்டுக்கும் பரண் ஒன்றுதான். நான் இந்த லைனில் பிறந்தவன். பக்கத்து வீட்டு இருமலைக் கேட்டு வளர்ந்தவன். அப்படியும் எனக்குத் தோன்றவில்லை. எலிகள் துண்டுகளை இழுத்துப் போன தடமாக, உத்தரத்தின் மேல் நீலத் தூள் வரிசையாகக் கிடந்தது. ஆறு, ஐந்து என்று வீடு தாண்டி, நாலாம் நம்பர் தட்டியின் கிழிசலில் போய் முடிந்தது.

ஏணியிலிருந்து இறங்கும்போதுதான் சரோஜாக்கா குழந்தையைப் பற்றிச் சொன்னார்.

3. ஒரு நாள்

இந்தப் பகுதியை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அப்போதே கோலாருக்குப் பஸ் இருந்தது. என் பையில் மருந்து கவரும் இருந்தது. நான் வீட்டுக்குப் போனேன். போலீஸ் வருமா என்று யோசித்தேன். சொந்தமாகத் தொழில் செய்ய என்னிடம் லைசென்ஸ் இல்லை. டெங்குவாகவும் இருக்கலாமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சாயங்காலம் சரோஜாக்கா போன் செய்து, "மருந்து வெச்சதப் பத்தி நீங்க வாய தொறந்துடாதீங்கண்ணா, என் பொண்ணு வாழ்க்கை" என்றார். அவர்மேல் பழியைப் போட மாட்டேன். அவர் சொல்லாவிட்டாலும் அன்றைக்கு நான் சொல்லியிருக்க மாட்டேன்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் போனேன். வார்டு வாசலில் குழந்தையின் அம்மா கவிதா உட்கார்ந்திருந்தாள். மருந்து கவரைக் காட்டினேன்.

"இந்தக் கலர்ல துண்டு துண்டா தரையில ஏதாவது கிடந்துச்சாம்மா?"

"ஆமாண்ணா. நாலு நாளா பொறுக்கி வாயில வெச்சுனு இருந்தா. சாக்பீஸுனு நெனச்சுத் துப்பச் சொன்னேன். இன்னாண்ணா அது?"

சொன்னேன். அவள் என்னை அடிக்கவில்லை. எழுந்து டாக்டரிடம் ஓடினாள்.

டாக்டரும் ரத்தம் உறையாததைக் கண்டுபிடித்துக் காரணம் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். கவரைப் படித்ததும் வைட்டமின் கே ஊசி போட்டார். மாலைக்குள் ரத்தம் நின்றது. ஆனால் இடது கை அசையவில்லை. மூளைக்குள்ளேயும் கொஞ்சம் கசிந்திருக்கிறது என்றார்.

"எப்ப கசிஞ்சிருக்கும் சார்?"

"நேத்து சாயங்காலமா, ராத்திரியா, சொல்ல முடியாது."

"நேத்தே தெரிஞ்சிருந்தா?"

"நேத்தே ஊசி போட்டிருப்பேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனார்.

4. முனுசாமி மேஸ்திரி

குழந்தையின் தாத்தா முனுசாமி சுரங்கத்தில் வெடி வைக்கும் கூட்டத்துக்கு மேஸ்திரியாக இருந்தவர். குழந்தை வீட்டுக்கு வந்த அன்று என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"கீழ வெடி வைக்கறதுக்கு முன்னாடி இன்னா செய்வோம்? பக்கத்து டிரைவுல, அதான் பக்கத்துச் சுரங்க வழில, வேலை செய்யறவங்களுக்கு ஆள் அனுப்புவோம். ரெண்டு பக்கமும் காவல் நிக்க வெப்போம். எல்லாரும் நவுந்தாங்கன்னு தெரிஞ்சாதான் திரியில நெருப்பு. ஆறு வருசம் கீழ இருந்தவன் நீ. உனக்கு இது தெரியாதா?"

கொஞ்ச நேரம் இருமிவிட்டு அவரே சொன்னார்: "போவட்டும். தெரிஞ்ச ஒடனே ஓடியாந்தே. வேற ஒருத்தனா இருந்தா ஊரைவிட்டே பூட்டிருப்பான்."

கவிதா டீ கொண்டுவந்து கொடுத்தாள். நானும் வாங்கிக் குடித்தேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். லைன் வீட்டில் ஒரு வீட்டுக்கு மருந்து வைத்தால் பத்து வீட்டுக் கதவையும் தட்டுங்கள். வீட்டுக்காரர் வேண்டாம் என்றால் அந்த வேலையே வேண்டாம். பெட்டி நுழையாத இடத்தில் கேக் வைக்காதீர்கள், பொறி வையுங்கள். மருந்தின் பெயரையும் அதற்கு மாற்று மருந்தையும் எழுதி வீட்டுக்கு வீடு கொடுங்கள். தப்பு நடந்துவிட்டால் அந்த நிமிஷமே போய்ச் சொல்லுங்கள். அடி விழுந்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

இதை எழுதி முடித்ததும், குழந்தை வீட்டாருக்குத் தெரியாமல் இதை யாருக்கும் படிக்கக் கொடுக்கக் கூடாது என்று தோன்றியது. போன வாரம் நாலாம் நம்பர் வீட்டுக்குப் போனேன். மேஸ்திரி வாசற்படியில் இருந்தார். கவிதா குழந்தையின் இடது கைக்கு எண்ணெய் தேய்த்து, ஒவ்வொரு விரலாக மடக்கிக்கொண்டிருந்தாள். நான் ஆஸ்பத்திரிக்கு வந்ததற்கு முந்தின நாள் மதியமே எனக்குத் தெரியும் என்பதைச் சொன்னேன்.

கவிதா குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

மேஸ்திரி கேட்டார்: "ராத்திரி பூரா தெரிஞ்சுனேதான் படுத்திருந்தியா?"

"ஆமாம்" என்றேன்.